இணையம் வரவில்லை: அறிகுறியைக் கொண்டு பழுதைக் கண்டறியும் வழிமுறை

“நெட் வரவில்லை” என்ற ஒரே வாக்கியத்துக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல பழுதுகள் அடங்கியிருக்கின்றன. கேபிள் சரியாகப் பொருந்தாமலிருப்பதும், கணினிக்கு ஐபி முகவரி (வலையமைப்பில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) கிடைக்காமல் போவதும், டிஎன்எஸ் சர்வர் பதிலளிக்காமலிருப்பதும், சேவை நிறுவனத்தின் ஃபைபர் அறுந்திருப்பதும் திரைக்கு முன் அமர்ந்திருப்பவருக்கு ஒரே மாதிரியாகத்தான் தெரியும்: பக்கம் திறக்காது. பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால், சரிசெய்யும் வேலை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதைக் கண்டுபிடிக்காமல் அமைப்புகளை மாற்றத் தொடங்கினால், ஏற்கெனவே இருந்த பழுதோடு நாமே உண்டாக்கிய பழுதுகளும் சேர்ந்துகொள்ளும்.

கணினியிலிருந்து புறப்படும் கோரிக்கை முதலில் வைஃபை அலையாகவோ கேபிள் வழியாகவோ ரௌட்டரை அடைகிறது. ரௌட்டர் அதை மோடம் அல்லது ஃபைபர் பெட்டியிடம் ஒப்படைக்கிறது. அங்கிருந்து அது சேவை நிறுவனத்தின் வலையமைப்புக்கும், அதையும் கடந்து தொலைவிலுள்ள சர்வருக்கும் செல்கிறது. இதற்கு முன்பாகவே, தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றுவதற்காக டிஎன்எஸ் சர்வர் ஒன்றை விசாரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அருகிலிருப்பதை முதலில் சோதிக்க வேண்டும், அது சரியென்று உறுதியான பிறகே அடுத்த கண்ணிக்குச் செல்ல வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். கீழே வரும் எல்லா வழிகளும் இந்த ஒழுங்கைத்தான் பின்பற்றுகின்றன.

தொடங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

முதல் கேள்வி, பழுது ஒரு கருவியில் மட்டும் இருக்கிறதா, எல்லாக் கருவிகளிலும் இருக்கிறதா என்பது. கணினியில் வராத இணையம் அதே வைஃபையில் இருக்கும் கைபேசியில் வருகிறது என்றால், ரௌட்டரும் சேவை நிறுவனமும் பெரும்பாலும் குற்றமற்றவை. கணினியைத்தான் ஆராய வேண்டும். கைபேசியில் சோதிக்கும்போது அதன் மொபைல் டேட்டாவை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால், வைஃபையில் இணையம் இல்லாதபோது பல கைபேசிகள் ஓசையின்றி மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொண்டு, எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டிவிடும். இரண்டாவது கேள்வி, எந்தத் தளமும் திறக்கவில்லையா, அல்லது ஒரு சில தளங்கள் மட்டுமா என்பது. மூன்றாவதாக ஒன்றையும் கேட்பது நல்லது: பழுது தொடங்குவதற்குச் சற்று முன் எதையாவது மாற்றினீர்களா? புதிய ரௌட்டர், புதிய கேபிள், புதிய விபிஎன் செயலி (இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்புவது), இடம் மாற்றி வைக்கப்பட்ட மேசை என எதுவாயினும், விசாரணையை அங்கிருந்து தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

ரௌட்டரை அணைத்துவிட்டு மீண்டும் போடுவது பல பழுதுகளை உண்மையாகவே தீர்க்கிறது. ஆனால் அதைச் செய்வதற்கு முன், ரௌட்டரில் எந்த விளக்குகள் எரிகின்றன, எந்த நிறத்தில் எரிகின்றன என்பதைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுதொடக்கம் செய்த பிறகு அந்தத் தடயம் கிடைக்காது. மின்சாரத்தைத் துண்டித்து அரை நிமிடம் பொறுத்திருந்து, முதலில் மோடத்தையும், அதன் விளக்குகள் நிலைபெற்ற பிறகு ரௌட்டரையும் இயக்குங்கள். ரௌட்டரின் பின்புறத்தில் சிறு துளைக்குள் இருக்கும் ரீசெட் பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள். அது மறுதொடக்கம் செய்யும் பொத்தானன்று. வைஃபை பெயர், கடவுச்சொல், சேவை நிறுவனம் பதிந்துவைத்த பயனர் பெயர் ஆகிய அனைத்தையும் அழித்து, ஆலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோய்விடும். அந்த விவரங்கள் கையில் இல்லாதவருக்கு ஒரு சிறிய கோளாறு பெரிய கோளாறாக மாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நான்கு எண்களை வாசித்தல்

எந்தச் சோதனைக்கும் முன்பாகக் கணினி தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில், இடைவெளியின்றித் தட்டச்சு செய்து என்டர் தட்டினால், ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க் (முகவரியின் எந்தப் பகுதி வலையமைப்பைக் குறிக்கிறது என்று காட்டும் எண்), டீஃபால்ட் கேட்வே ஆகியவை தெரியும். அதே கட்டளைக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் ஆல் என்ற சொல்லும் சேர்த்தால் (ipconfig /all) டிஎன்எஸ் சர்வரும் தெரியும். மேக், லினக்ஸ், கைபேசி ஆகியவற்றில் இணைந்திருக்கும் வைஃபையின் விவரப் பக்கத்திலேயே இவை பெரும்பாலும் கிடைத்துவிடும்.

சிறிய வலையமைப்பு ஒன்றில் ஐபி முகவரி பெரும்பாலும் 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும், 172.16 முதல் 172.31 வரை தொடங்குவதும் உண்டு. இந்த மூன்று வரிசைகளும் உள்வலையமைப்புகளின் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டவை. 1996இல் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இந்த ஒதுக்கீட்டை விவரிக்கிறது. முகவரி 192.168.1.23, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1 என்றிருந்தால், முதல் மூன்று எண்கள் வலையமைப்பையும் கடைசி எண் அந்தக் கருவியையும் குறிக்கின்றன. கேட்வே என்பது உங்கள் ரௌட்டரின் முகவரி. கணினியும் கேட்வேயும் முதல் மூன்று எண்களில் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால், யாரோ கையால் தவறான முகவரியைப் பதிந்திருக்கிறார்கள். அமைப்பைத் தானியங்கி முறைக்கு மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

அறிகுறி: வைஃபை பெயரே தெரியவில்லை, அல்லது இணைய மறுக்கிறது

மற்றக் கருவிகளில் தெரியும் பெயர் ஒரு கருவியில் மட்டும் தெரியவில்லை என்றால், அது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் புரிந்துகொள்ளாத பழைய கருவியாக இருக்கலாம், ரௌட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸையும் இயக்கிவையுங்கள். ரௌட்டரை இயக்கியவுடன் 2.4 தெரிந்து, 5 மட்டும் ஒரு நிமிடத்துக்கும் மேல் தாமதமாக வருவது பழுதன்று. 5 கிகாஹெர்ட்ஸின் சில சானல்கள் (அலைவரிசையின் உட்பிரிவுகள்) ரேடார்களும் பயன்படுத்துபவை என்பதால், அவற்றில் ஒளிபரப்பத் தொடங்குமுன் ரௌட்டர் குறைந்தது 60 விநாடிகள் காத்திருந்து, ரேடார் எதுவும் இல்லையென்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பெயர் தெரிந்தும் கடவுச்சொல்லை ஏற்க மறுத்தால், கருவியில் அந்த வலையமைப்பை மறக்கச் செய்து, புதிதாக இணையுங்கள். கடவுச்சொல்லை மாற்றிய பிறகு பழையதைக் கருவி நினைவில் வைத்திருப்பது வழக்கமான காரணம். சரியான கடவுச்சொல்லையும் ஏற்கவில்லை என்றால், ரௌட்டர் டபிள்யூபிஏ3 பாதுகாப்பில் மட்டும் இயங்குகிறதா என்று பாருங்கள். பழைய கருவிகளுக்கு அது தெரியாது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் ஏற்கும் கலப்பு முறைக்கு மாற்றினால் போதும். பாதுகாப்பையே அகற்றிவிட்டுச் சோதிப்பது தேவையற்றது.

அறிகுறி: இணைந்திருக்கிறது, ஆனால் இணையம் இல்லை

தொடக்கநிலையில் இருப்பவர்களை மிகவும் குழப்பும் அறிகுறி இது. வைஃபை சின்னம் முழுமையாக இருப்பது கணினிக்கும் ரௌட்டருக்கும் இடையிலுள்ள அலை நன்றாக இருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. ரௌட்டருக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி அந்தச் சின்னம் எதுவும் சொல்வதில்லை.

இங்கே நமக்கு உதவும் கருவி பிங். மைக் மூஸ் என்ற நிரலாளர் 1983 டிசம்பரில் எழுதிய இந்தச் சிறு நிரலின் வேலை, ஒரு முகவரிக்குச் சிறிய பாக்கெட் (தகவல் துண்டு) ஒன்றை அனுப்பி, பதில் வருகிறதா, வர எத்தனை மில்லிவிநாடி ஆகிறது என்று பார்ப்பதுதான். விண்டோஸில் அது நான்கு பாக்கெட்டுகளை அனுப்பிவிட்டு நின்றுவிடும்; லினக்ஸிலும் மேக்கிலும் கன்ட்ரோல் விசையையும் சி விசையையும் சேர்த்து அழுத்தும்வரை ஓடிக்கொண்டேயிருக்கும்.

முதலில் கேட்வே முகவரியைப் பிங் செய்யுங்கள்: கமாண்ட் பிராம்ப்டில் ping என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு அந்த முகவரியைக் கொடுத்தால் போதும். கேபிளில் இணைந்திருந்தால் பதில் ஒரு மில்லிவிநாடிக்குள்ளும், வைஃபையில் சில மில்லிவிநாடிகளிலும் வர வேண்டும். பதில் வரவில்லை என்றால் திரையில் தோன்றும் செய்தியை நிதானமாக வாசிக்க வேண்டும். ஏனெனில் தோல்விகள் எல்லாம் ஒன்றல்ல. விண்டோஸில் “சேருமிடத்தை அடைய இயலவில்லை” என்ற பொருளில் வரும் செய்தியின் தொடக்கத்தில் ஒரு முகவரி இருக்கும். அது உங்கள் கணினியின் முகவரியாகவே இருந்தால், பாக்கெட் வெளியே போகவேயில்லை: “இந்த முகவரிக்கு உரியவர் யார்?” என்று உள்வலையமைப்பில் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, எனவே கணினி தானே கைவிரித்துவிட்டது. அந்த முகவரி ரௌட்டருடையதாக இருந்தால், பாக்கெட் ரௌட்டர்வரை நலமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது; அதற்கப்பால் அனுப்ப ரௌட்டருக்குத்தான் வழி தெரியவில்லை. “நேரம் கடந்துவிட்டது” என்ற பொருளில் செய்தி வந்தாலோ, பாக்கெட் புறப்பட்டுப் போயிற்று, பதில் மட்டும் திரும்பவில்லை என்று அர்த்தம். இந்த மூன்றையும் பிரித்தறியப் பழகிவிட்டால், விசாரணையின் பாதித் தூரத்தைக் கடந்துவிடலாம்.

கேட்வே பதிலளித்தால், அடுத்து 8.8.8.8 என்ற முகவரியைப் பிங் செய்யுங்கள். இது கூகுள் நடத்தும் பொது டிஎன்எஸ் சர்வரின் முகவரி. இங்கே இது எண்ணாக எழுதக்கூடிய, எப்போதும் விழித்திருக்கும் ஒரு தொலைதூர இலக்கு என்பதற்காகவே பயன்படுகிறது. கேட்வே பதிலளித்து இது பதிலளிக்கவில்லை என்றால், பழுது ரௌட்டருக்கும் வெளியுலகுக்கும் இடையில் இருக்கிறது. ஃபைபர் இணைப்பாக இருந்தால் எல்ஓஎஸ் என்று குறிக்கப்பட்ட விளக்கைப் பாருங்கள். அது சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ ஃபைபர் வழியாக ஒளி வந்துசேரவில்லை. இழை கூர்மையாக வளைந்திருக்கிறதா, ஏதாவது பொருளின் கீழ் நசுங்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். ஆனால் இழையைக் கழற்றி அதன் முனைக்குள் பார்க்கக் கூடாது. அதில் ஓடும் அகச்சிவப்பு லேசர் கண்ணுக்குத் தெரியாது என்பதால், ஆபத்தும் தெரியாது. எல்ஓஎஸ் விளக்கு எரியாமலிருந்தும் வெளியே போக முடியவில்லை என்றால், ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்தில் (உலாவியில் கேட்வே முகவரியைத் தட்டினால் பெரும்பாலும் திறக்கும்) அதற்கு வெளி முகவரி கிடைத்திருக்கிறதா என்று பாருங்கள்; பயனர் பெயர் அழிந்திருந்தாலோ, கணக்கு நிறுத்தப்பட்டிருந்தாலோ அது காலியாக இருக்கும்.

8.8.8.8 பதிலளிக்கிறது, ஆனால் தளத்தின் பெயரைப் பிங் செய்தால் “அப்படியொரு பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை” என்ற பொருளில் செய்தி வருகிறது என்றால், பழுது டிஎன்எஸ்ஸில் இருப்பது கிட்டத்தட்ட உறுதி. இணையத்தின் தொடக்க காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் பட்டியலிடப்பட்டு, அந்தக் கோப்பு எங்கும் நகலெடுக்கப்பட்டு வந்தது. அது சமாளிக்க முடியாத அளவுக்கு வளர்ந்தபோது, 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்ததே இன்றைய டிஎன்எஸ். இதில் பழுதை உறுதிசெய்ய என்எஸ்லுக்கப் (nslookup) என்ற கட்டளையைத் தளத்தின் பெயரோடு ஒருமுறையும், அந்தப் பெயருக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு 1.1.1.1 என்று (இன்னொரு பொது டிஎன்எஸ் சர்வரின் முகவரி) சேர்த்து மறுமுறையும் கொடுங்கள். முதலாவது தோற்று இரண்டாவது வென்றால், நீங்கள் பயன்படுத்தும் டிஎன்எஸ் சர்வர்தான் பதில் சொல்லவில்லை. ரௌட்டரிலோ கணினியிலோ வேறொரு டிஎன்எஸ் முகவரியைக் கொடுத்தால் இணையம் வந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை: சில சர்வர்களும் அலுவலக வலையமைப்புகளும் பிங்குக்குப் பதிலளிப்பதை வேண்டுமென்றே நிறுத்திவைத்திருக்கின்றன. எனவே பதில் வந்தால் வழி திறந்திருக்கிறது என்பது உறுதி. பதில் வராவிட்டால் வழி அடைபட்டிருக்கிறது என்பது உறுதியன்று. ஒரே இலக்கை நம்பி முடிவுக்கு வராதீர்கள். பொது இடங்களின் வைஃபையில் இதே அறிகுறி வந்தால், முதலில் ஒரு நுழைவுப் பக்கத்தில் பதிவு செய்ய வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். விபிஎன் இயங்கிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் தோன்றாமலே போகலாம்.

அறிகுறி: முகவரி 169.254 என்று தொடங்குகிறது

இந்த எண்ணைக் கண்டால் வேறு சோதனைகளை ஒத்திவைத்துவிடலாம். முகவரி வழங்கும் டிஹெச்சிபி சேவையிடம் கணினி கேட்டது, பதில் வரவில்லை, எனவே தானே ஒரு முகவரியைச் சூட்டிக்கொண்டது என்பதே இதன் பொருள். இந்த முகவரியை வைத்துக்கொண்டு ரௌட்டரைத் தாண்டிப் போக முடியாது.

காரணம் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். கேபிளோ வைஃபை இணைப்போ பெயரளவில் இணைந்திருந்தும் உண்மையில் தகவலைக் கடத்தாமல் இருக்கலாம்; கேபிளை மாற்றியோ வேறு போர்ட்டில் செருகியோ பாருங்கள். ரௌட்டரின் டிஹெச்சிபி சேவை அணைக்கப்பட்டோ செயலிழந்தோ இருக்கலாம். அப்போது புதிதாக இணையும் எல்லாக் கருவிகளுக்கும் இதே நிலைதான் வரும். அல்லது வழங்குவதற்கு முகவரிகள் மிச்சமில்லாமல் இருக்கலாம்: ரௌட்டர் 100 முகவரிகளை மட்டும் வழங்குமாறு அமைக்கப்பட்டு, அத்தனையும் வெவ்வேறு கருவிகளுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டால், 101ஆவது கருவி வெறுங்கையோடு நிற்கும். வந்துபோகும் கருவிகள் மிகுந்த இடங்களில், முகவரியின் குத்தகைக் காலத்தை (ஒரு முகவரி ஒரு கருவியிடம் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்ற வரம்பு) குறைப்பதே இதற்குத் தீர்வு. காரணத்தைச் சரிசெய்த பிறகு, ஐபிகான்ஃபிக் கட்டளைக்குப் பின் இடைவெளி விட்டுச் சாய்கோடும் ரென்யூ என்ற சொல்லும் சேர்த்துக் (ipconfig /renew) கொடுத்தால் கணினி மீண்டும் முகவரி கேட்கும்.

அறிகுறி: சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை

ஒரேயொரு தளம் என்றால், அதை மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். அங்கும் திறக்கவில்லை என்றால் பழுது அந்தத் தளத்திலேயே இருக்க வாய்ப்பு அதிகம். காத்திருப்பதைத் தவிர நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அங்கே திறந்து, இங்கே திறக்கவில்லை என்றால் விபிஎன், ப்ராக்ஸி (கோரிக்கைகளை இடையில் வாங்கி அனுப்பும் சர்வர்), உலாவியின் விளம்பரத் தடுப்பு நீட்சி ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துச் சோதியுங்கள். கணினி பழைய டிஎன்எஸ் விவரத்தைச் சேமித்து வைத்திருக்கக்கூடும் என்பதால், ஐபிகான்ஃபிக் கட்டளையைச் சாய்கோடு, ஃப்ளஷ்டிஎன்எஸ் ஆகியவற்றோடு (ipconfig /flushdns) கொடுத்து அந்தச் சேமிப்பைக் காலிசெய்வதும் பயன்தரும்.

பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்ற எச்சரிக்கை பல தளங்களில் ஒரே நேரத்தில் வந்தால், கணினியின் தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் கடிகாரம் சில ஆண்டுகள் பின்தங்கியிருந்தால், சரியான சான்றிதழ்கள்கூட “இன்னும் தொடங்காதவை” என்று அதற்குத் தோன்றும். கணினியை அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி பின்னுக்குப் போகிறது என்றால், மதர்போர்டிலுள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கிறது. பெரும்பாலான மேசைக்கணினிகளில் அது சிஆர்2032 வகை. தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், அதைத் தாண்டிச் சென்று கடவுச்சொல்லைத் தட்டாதீர்கள். அந்த எச்சரிக்கை உங்களைக் காப்பதற்காகவே இருக்கிறது.

இன்னொரு வகையும் உண்டு: பிங் வேலை செய்கிறது, சிறிய பக்கங்கள் திறக்கின்றன, ஆனால் சில தளங்கள் பாதியில் உறைந்து நிற்கின்றன. பெரிய பாக்கெட்டுகள் மட்டும் வழியில் தொலைவதன் அடையாளம் இது. ஈதர்நெட்டில் (கேபிள் வலையமைப்புகளின் வழக்கமான முறை) ஒரு பாக்கெட்டின் வழக்கமான உச்ச அளவு 1500 பைட். பிபிபிஓஇ என்ற உள்நுழைவு முறையில் 8 பைட் அதற்கே செலவாகி 1492 ஆகிவிடும். இந்த உச்ச அளவைக் குறிக்கும் ரௌட்டரின் எம்டியூ அமைப்பு 1500இலேயே நின்றிருந்தால் அதை 1492 ஆக்கிப் பாருங்கள். புதிதாகக் கையால் அமைக்கப்பட்ட ரௌட்டர்களில் இது எளிதில் விட்டுப்போகும்.

அறிகுறி: இணையம் வருகிறது, ஆனால் மெதுவாக இருக்கிறது

முதலில் அளவை சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சேவை நிறுவனம் சொல்லும் 100 எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு. பதிவிறக்கச் சாளரம் காட்டுவது பெரும்பாலும் மெகாபைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. நிறுவனத்தின் மீது எழும் புகார்களில் ஒரு பகுதி இந்த ஒரு கணக்கிலேயே தீர்ந்துவிடும்.

அதன்பின் வேகச் சோதனையை ரௌட்டரோடு கேபிளில் இணைத்துச் செய்யுங்கள். கேபிளில் முழு வேகம் வந்து வைஃபையில் வரவில்லை என்றால் பழுது அலையில் இருக்கிறது. கேபிளிலும் வரவில்லை என்றால், கிடைத்த எண்ணைக் கவனித்துப் பாருங்கள். 300 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒவ்வொரு முறையும் 94 அல்லது 95க்கு அருகிலேயே வந்து நின்றால், சேவை நிறுவனத்தை அழைக்க வேண்டியதில்லை. கேபிளை மாற்ற வேண்டும். ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு அவற்றில் 1, 2, 3, 6 ஆகிய இடங்களிலுள்ள இரண்டு இணைகள் போதும். கிகாபிட் வேகத்துக்கு நான்கு இணைகளும் வேண்டும். மற்ற இரண்டு இணைகளில் ஒரே ஒரு கம்பி முனையில் தளர்ந்தாலும், மீதமுள்ள நல்ல இணைகளைக் கொண்டு பல கருவிகள் 100க்கு இறங்கி இயங்கத் தொடங்கிவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஒவ்வொரு பாக்கெட்டோடும் போகும் முகவரி முதலிய கூடுதல் தகவல்களுக்குச் செலவாவது போக அந்த 100இல் பயனருக்குக் கிடைப்பது சுமார் 94. கிளிப் உடைந்து தளர்வாக நிற்கும் கேபிள், கதவிடுக்கில் நசுங்கிய கேபிள், பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் (பல கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) ஆகிய மூன்றுமே இந்த எண்ணைத்தான் காட்டும்.

அலையில்தான் பழுது என்றால், 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிப் பாருங்கள். அது சுவர்களைத் தாண்டுவதில் பலவீனமானது, அருகிலிருந்தால் வேகமானது. 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இருக்க வேண்டும் என்றால் 1, 6, 11 ஆகிய சானல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றோடொன்று மோதாமல் அருகருகே இயங்கக்கூடியவை இவை. இடையில் 3 அல்லது 4ஐத் தேர்ந்தெடுத்தால் இரண்டு பக்கத்து இரைச்சலையும் வாங்கிக்கொள்ள நேரும். மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்குவதால், அது ஓடும்போது மட்டும் வேகம் விழுகிறதா என்றும் கவனியுங்கள். அலையின் வலிமையைக் காட்டும் செயலியில் மைனஸ் 50 டிபிஎம் நல்ல நிலை. மைனஸ் 70ஐத் தாண்டி மைனஸ் 80ஐ நெருங்கினால், ரௌட்டரை நகர்த்துவதைத் தவிர எந்த அமைப்பு மாற்றமும் பெரிதாக உதவாது.

குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் எல்லாமே மந்தமாகி, காணொளி அழைப்புகள் சிதைகின்றன என்றால் பதிவேற்றத்தைச் சந்தேகியுங்கள். ஒரு கைபேசி தன் படங்களையெல்லாம் மேகச் சேமிப்புக்கு அனுப்பத் தொடங்கினால் பதிவேற்றப் பாதை நிரம்பிவிடும். பதிவிறக்கத்துக்கான கோரிக்கைகளும் அதே பாதையில்தான் போக வேண்டியிருப்பதால், அவையும் வரிசையில் காத்திருக்கும்.

அறிகுறி: விட்டு விட்டு வருகிறது

இணைப்பு அறுந்த கணத்தில் எங்கே அறுந்தது என்று தெரியாமல், இந்தப் பழுதைப் பிடிக்க முடியாது. இரண்டு கமாண்ட் பிராம்ப்ட் சாளரங்களை அருகருகே திறந்து, ஒன்றில் கேட்வேயையும் மற்றொன்றில் 8.8.8.8ஐயும் தொடர்ச்சியாகப் பிங் செய்யவிடுங்கள்; விண்டோஸில் பிங் கட்டளையின் முடிவில் ஓர் இடைவெளி, ஒரு சிறுகோடு, டி எழுத்து ஆகியவற்றைச் சேர்த்தால் அது நிற்காமல் ஓடும். இணையம் அறும்போது இரண்டு சாளரங்களும் ஒரே நேரத்தில் திணறினால், பழுது உங்களுக்கும் ரௌட்டருக்கும் இடையில்: அலை, கேபிள், அல்லது சூடேறிய ரௌட்டர். கேட்வே சாளரம் சீராக ஓடிக்கொண்டிருக்க வெளிச்சாளரம் மட்டும் நின்றால், பழுது வெளியே. எத்தனை செயலிகளை நிறுவினாலும் இந்த எளிய சோதனைக்கு ஈடாக எனக்கு எதுவும் தெரியவில்லை.

ஒரு குறிப்பிட்ட கருவி இயங்கும்போது மட்டும் மற்றொரு கருவியின் இணைப்பு அறுகிறது என்றால், இரண்டுக்கும் ஒரே ஐபி முகவரி இருக்கலாம். ஒரே கதவு எண் தாங்கிய இரண்டு வீடுகளுக்கு வரும் தபால்போலப் பாக்கெட்டுகள் மாறி மாறிப் போய்ச்சேரும். கையால் பதியப்பட்ட முகவரி ஒன்று, ரௌட்டர் தானாக வழங்கும் வரிசைக்குள் விழுந்திருப்பதே காரணம். அதை அந்த வரிசைக்கு வெளியே மாற்றுங்கள்.

அறிகுறி: இணையம் இருக்கிறது, பிரின்டர் மட்டும் தெரியவில்லை

கணினியும் பிரின்டரும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். விருந்தினர் வைஃபையில் இருக்கும் கருவி இணையத்தை மட்டுமே அடையும்; மற்றக் கருவிகளை அது பார்க்கக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. விண்டோஸில் வலையமைப்பு பப்ளிக் என்று குறிக்கப்பட்டிருந்தால், நம்பகமான சொந்த வலையமைப்பில் மட்டும் அதைப் பிரைவேட் என்று மாற்றலாம். நேற்றுவரை வேலை செய்த பிரின்டர் இன்று தெரியவில்லை என்றால், அதன் முகவரி மாறியிருக்கும். ரௌட்டரில் அதற்கென ஒரு முகவரியை ஒதுக்கிவைத்தால் இந்தத் தொல்லை மீண்டும் வராது.

அறிகுறி: புதிய கருவியைச் சேர்த்தவுடன் எல்லாமே நின்றுவிட்டது

இரண்டாவது ரௌட்டரைச் சேர்த்தபின் சில கருவிகளுக்கு மட்டும் இணையம் போய்விட்டால், இரண்டு ரௌட்டர்களும் போட்டியிட்டு முகவரி வழங்குகின்றன. வைஃபையை விரிவாக்குவதற்காகச் சேர்த்ததாக இருந்தால், இரண்டாவதில் டிஹெச்சிபியை அணைத்து, அதற்கு வேறொரு முகவரி கொடுத்து, வெளி இணைப்புக்கான வான் போர்ட்டை விட்டுவிட்டு, உள்வலையமைப்புக்கான லேன் போர்ட்டில் கேபிளைச் செருகுங்கள்.

ஸ்விட்சில் எல்லா விளக்குகளும் ஒரே சீராக, வெறித்தனமான வேகத்தில் சிமிட்டி, முழு வலையமைப்பும் உறைந்துபோனால், ஒரே கேபிளின் இரண்டு முனைகளும் ஒரே ஸ்விட்சில் செருகப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஐபி பாக்கெட்டுக்கு இத்தனை ரௌட்டர்களைத் தாண்டிய பின் அழிய வேண்டும் என்ற வரம்பு உண்டு. அதைக் கேபிளில் சுமந்து செல்லும் உறையான ஈதர்நெட் சட்டகத்துக்கு அப்படியொரு வரம்பு இல்லை. எனவே வளையத்துக்குள் அகப்பட்ட ஓர் ஒளிபரப்புச் சட்டகம் முடிவின்றிச் சுற்றிப் பெருகும். ராடியா பெர்ல்மன் 1985இல் உருவாக்கிய ஸ்பேனிங் ட்ரீ முறை இத்தகைய வளையங்களைத் தானே கண்டறிந்து துண்டித்துவிடும். ஆனால் விலை மலிந்த எளிய ஸ்விட்சுகளில் அது இருப்பதில்லை. கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். வளையத்தை உண்டாக்கிய கேபிள் வெளியே வந்த மறுகணமே விளக்குகள் அடங்கும்.

சேவை நிறுவனத்தை அழைக்கும்போது

பழுது வெளியே இருக்கிறது என்று தெரிந்த பிறகு, “நெட் வரவில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். கேபிளில் இணைத்துச் சோதித்தீர்கள், கேட்வே இத்தனை மில்லிவிநாடியில் பதிலளிக்கிறது, 8.8.8.8 பதிலளிக்கவில்லை, எல்ஓஎஸ் விளக்கு இந்த நிறத்தில் இருக்கிறது, இத்தனை மணிக்குத் தொடங்கியது என்று வரிசையாகச் சொல்லுங்கள். மறுமுனையில் இருப்பவர் கேட்கவிருக்கும் முதற்கட்டக் கேள்விகள் பலவற்றுக்கு அதிலேயே விடை இருக்கும். விட்டு விட்டு வரும் பழுது என்றால், இரண்டு பிங் சாளரங்களின் படத்தை நேரத்தோடு எடுத்துவைத்து அனுப்புங்கள்.

இணையம் திரும்பிய பிறகு, சோதனைக்காக அணைத்த விபிஎன், விளம்பரத் தடுப்பு நீட்சி போன்றவற்றை மீண்டும் இயக்கி, கையால் பதிந்த ஐபி முகவரிகளைத் தானியங்கி முறைக்குத் திருப்பி, ரௌட்டரில் மாற்றிய ஒவ்வோர் அமைப்பையும் அதன் பழைய மதிப்போடு ஓரிடத்தில் எழுதிவையுங்கள்.